லங்கம்

மணிலாவிலிருந்து இலிகனுக்குப் போகும் கப்பலின்
மூன்றாம் தட்டில்
கட்டில் எண் இருநூற்றுப் பதினேழு என்னுடையது.
காயும் துண்டுகளுக்குக் கீழே
கூண்டுச் சேவல் ஒன்று
விளக்கு எரியும்போதெல்லாம் விடியலை அறிவித்தது.

எதிர்க்கட்டில்காரி பெயர் லுஸ்விமிந்தா.
லூசோன், விசயாஸ், மிண்டனாவ்:
மூன்று தீவுக் கூட்டத்திலும் ஒரு கிள்ளு கிள்ளி
அப்பா வைத்த பெயராம்.
ஐம்பத்திரண்டு வயதில்
இப்போதுதான் லூசோனை விட்டு வெளியே வருகிறாள்,
பெயரின் மிச்சத்தைப் பார்க்க.

இரவு ஒரு மணிக்கு அவள்தான் கத்தினாள்:
'லங்கம்! லங்கம்!'

மேல்கட்டில் சிறுவன் ஜுன்ரெல்
துள்ளி எழுந்து
கூரையைப் பார்த்தான்,
குழாய்களின் இடுக்கைப் பார்த்தான்,
கம்பிக்கு வெளியே கறுப்புக் கடலைப் பார்த்தான்.
'எங்கே? எங்கே?'

அவள் மடியில் பிபிங்கா அப்பப் பெட்டி.
அவள் மொழியில் லங்கம் எறும்பு.
அவன் மொழியில் லங்கம் பறவை.
ஒருத்தி குனிந்து தட்ட,
ஒருவன் அண்ணாந்து துழாவ,
ஒரே சொல்லுக்கு
அடிமுடி தேடினார்கள் இருவரும்.

பம்பாங்காவின் சமையற்காரர்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்கு வந்தார்.
அப்பத்தில் பதித்திருந்த உப்பு முட்டையைக் காட்டி
'எபுன் தப்பித்துவிட்டது' என்றார்.
முட்டையைத்தான் சொன்னார்.
லுஸ்விமிந்தா காதில் அது இபோன்.
இபோன் என்றால் அவளுக்குப் பறவை.
எறும்பு மொய்த்த அப்பத்தின் மேல்
இப்போது ஒரு பறவையும் வந்து உட்கார்ந்தது.
'இந்தக் கப்பலில் எல்லோருக்கும் பைத்தியமா?'

தூக்கம் கெட்ட பீக்கோல்காரி ஒருத்தி
யாருக்கும் விளங்காத எதையோ எறிந்தாள்.
கோபத்துக்கென்றே தனிச் சொற்கள் உண்டாம் அவள் ஊரில்.
அரிசிக்கு ஒரு பெயர்,
கோபம் வந்தால் அதே அரிசிக்கு வேறு பெயர்.
பசியில் என்ன பெயர் என்று
நான் கேட்கவில்லை.

சிரித்து ஓய்ந்தபோது பாதி அப்பம் பிழைத்திருந்தது.
கியாப்போவில் துணி விற்கும் சொஹைரா
தலைத்துணியைச் சரிசெய்தபடி
'பன்றிக் கொழுப்பு உண்டா?' என்றாள்.
இல்லை என்றதும்
தன் பாலாபா போத்தலைத் திறந்தாள்:
வெங்காயத்தாள், இஞ்சி, மூக்கில் ஏறும் மிளகாய்.
இனிப்பு அப்பத்தோடு அது சேரவே இல்லை.
ஆளுக்கு இரண்டு முறை வாங்கிக்கொண்டார்கள்.

'எந்த ஊர்?'
'மராவி.'

அதுவரை எல்லோரையும்விடச் சத்தமாய்ச் சிரித்த துல்னுவான்,
வடக்கு மலையின் இஃபுகாவ்,
முகாமுக்குத் திரும்பும் சிப்பாய்,
குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான்.
அது அவிழ்ந்திருக்கவில்லை.
எந்த ஆண்டு அங்கே இருந்தாய் என்று
அவள் கேட்கவில்லை.
வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று
அவனும் கேட்கவில்லை.
அந்த ஒரு சொல் மட்டும்
எல்லோருக்கும் ஒரே பொருளில் புரிந்துவிட்டது.
யாரும் பேசவில்லை.

போத்தலை அவன் பக்கம் அவள் நகர்த்தினாளா,
கப்பல் சாய்ந்ததில் அதுவே நகர்ந்ததா,
எனக்குச் சரியாகத் தெரியாது.
அவன் விரல் நுனியால் தொட்டு
நாக்கில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.
வெகுநேரம் தண்ணீர் கேட்கவில்லை.

இலிகன்.
சேவலுக்குத்தான் முதல் வழி விட்டார்கள்.
தன் பெயரின் கடைசித் துண்டின் மேல்
லுஸ்விமிந்தா காலை வைத்தாள்,
சூடாக இருக்கிறதா என்று பார்ப்பவள்போல.
கீழே வைத்த பெட்டியின் அடியிலிருந்து
பயணச்சீட்டு வாங்காத வரிசை ஒன்று
சிமெண்டுத் தரைக்கு மாறிக்கொண்டிருந்தது.

'லங்கம்' என்றாள் சிறுவனைப் பார்த்து,
இம்முறை மெல்ல,
கேள்வியைப்போல.

ஜுன்ரெல் குந்தி உட்கார்ந்தான்.
இது அவன் ஊர், அவன் மொழி.
எச்சில் தொட்ட விரலில் ஒன்றை ஏற்றி
முகத்துக்கு நேரே பிடித்து
கொஞ்சம் யோசித்து
உஃப் என்று ஊதினான்.